பூங்காவனம் உடைத்த ரீமர்

2022ஆம் ஆண்டு ஆகஸ்டு இருபத்து மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை, காலை பத்தே கால் மணிக்குப் பூங்காவனத்தை முதன்முதலாகச் சந்தித்தேன். என் அச்சகத்தில் தாள் வெட்டும் இயந்திரத்தின் கத்தி மழுங்கிப்போயிருந்தது. வழக்கமாகத் தீட்டித் தருபவர் ஊரில் இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டின் பின்தெருவில் ஒரு பெண்மணி இருக்கிறார் என்று யாரோ சொல்ல, கத்தியைச் சாக்கில் சுற்றி ஆட்டோவில் எடுத்துச் சென்றேன். தகரக் கூரை வேய்ந்த ஷெட், பெயர்ப்பலகை இல்லை. உள்ளே, நரைத்த தலையில் துண்டு கட்டி, புடவைக்குமேல் ஆண்கள் போடும் காக்கிச் சட்டை அணிந்த ஒருவர், என் முகத்தைப் பார்க்காமலேயே கத்தியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"இத்த யாரு தீட்னது?"

பெயரைச் சொன்னேன்.

"தீட்டல. வேக வச்சிக்கீறான். நீலமா ஓடுது பாருங்க, அது சூடு. வச்சிட்டுப் போங்க, நாளான்னிக்கி வாங்க. அவசரம்னா வேற எடம் பாருங்க."

அவசரம்தான். ஆனாலும் வைத்துவிட்டு வந்தேன். அன்றுமுதல் என் கத்திகள் அவரிடமே போகின்றன. அவை எந்தப் புத்தகத்தை வெட்டுகின்றன என்று அந்நாட்களில் அவர் கேட்டதில்லை.

அந்தத் தெருவின் வழக்கம் அது. வேலை வரைபடமாக வரும், இல்லையேல் மாதிரித் துண்டாக வரும். அளவு கேட்பார்கள்; உருக்கின் ரகம் கேட்பார்கள்; எப்போது வேண்டும் என்று கேட்பார்கள். எதற்கு என்று மட்டும் கேட்பதில்லை. பெரிய தொழிற்சாலைகளுக்குச் சிறு பாகங்கள் செய்துகொடுத்து வளர்ந்த தெருவில், அப்படிக் கேட்பது அடுத்தவர் வீட்டுப் பானையைத் திறந்து பார்ப்பதற்குச் சமம். கேட்டவருக்கு அடுத்த வேலை வராது. பூங்காவனமும் அந்த வழக்கத்தின்படியே பல ஆண்டுகள் தொழில் செய்தார். அதுவே ஒருமுறை அவரைத் தவறு செய்ய வைத்தது. அத்தவற்றுக்கு அவர் என்ன செய்தார் என்பதை எழுதவே இதைத் தொடங்கினேன். கடைசியில் வருவதைத் தவிர, பின்வரும் நிகழ்ச்சிகளில் எதன்போதும் நான் அங்கே இல்லை. பூங்காவனத்திடமும், அவர் கணவர் உத்தமனிடமும், பக்கத்து ஷெட் நடேசனிடமும் தனித்தனியே கேட்டு, ஒருவர் சொன்னதோடு மற்றவர் சொன்னது முரண்படாததை மட்டும் எழுதுகிறேன்.

பூங்காவனம் ஆவடியை அடுத்த சேக்காட்டில் பிறந்தவர். பெற்றோர் இருவரும் பிறர் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர்கள். அந்த நிலங்களில் பெரும்பகுதி ஜெயராமன் என்பவரின் குடும்பத்துக்கு உரியது. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய பூங்காவனம், பாடியில் ஒரு தொழிற்சாலையின் கருவிப் பிரிவில் கூட்டிப் பெருக்கச் சேர்ந்தார். வெட்டுக்கருவிகளைத் தீட்டும் இயந்திரத்தில் நிற்பவர் ஒருநாள் வரவில்லை. பூங்காவனம் எவரையும் கேளாமல் அதை ஓட்டி, கிடந்த வேலையை முடித்து வைத்தார். மேற்பார்வையாளர் கண்டபடி திட்டினார். தீட்டியிருந்த கருவிகளை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டார். மறுமுறையும் அவ்வாறே நடந்தது. அதற்கடுத்த முறை பூங்காவனம் வழியை மறித்து நின்று, "திட்றதுன்னா பீஸ வச்சிட்டுத் திட்டு. எடுத்துக்கினு போறதுன்னா வாய மூடிக்கினு எடு" என்றாராம். அதன்பின் அந்த இயந்திரமே அவர் வேலையாயிற்று. தொழிற்சாலை மூடப்பட்டபோது, அதே இயந்திரத்தை ஏலத்தில் எடுத்து எஸ்டேட்டுக்குக் கொண்டுவந்தார்.

அவர் வாடகைக்குப் பிடித்த ஷெட் ஜெயராமனுடையது. ஜெயராமனின் வயல்கள் மனைகளாகிவிட்டிருந்தன. மனை விற்றதில் ஒரு பகுதியைக் கொண்டு அவர் எஸ்டேட் ஓரத்தில் ஷெட்டுகள் கட்டி விட்டிருந்தார். சேக்காட்டுப் பெரியவர்கள் அவரை இன்னமும் 'ஐயா' என்பார்கள். பூங்காவனம் 'சார்' என்பார். அந்த வேறுபாடு இருவருக்கும் தெரியும்.

2024ஆம் ஆண்டு ஜனவரித் தொடக்கத்தில் ஜெயராமனின் மகன் ஜெகன் ஒரு தாளோடு வந்தான். தாளில் ஒரு ரீமரின் அளவுகள் இருந்தன. ரீமர் என்பது நீளவாக்கில் பற்கள் வெட்டிய உருக்குக் கம்பி. துளைக்குள் சுழற்றினால் உட்சுவரைச் சீவி, வேண்டிய அளவுக்குக் கொண்டுவரும்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணுதான். அளவு மட்டும் கரெக்டா இருக்கணும்."

"என்னிக்கி வேணும்?"

"பொங்கலு கழிச்சி."

அவ்வளவே பேச்சு. அளவுகள் சற்று விநோதமாக இருந்ததைப் பூங்காவனம் கவனித்தார். கம்பி நுனியை நோக்கி மெல்ல ஒடுங்கியது. நுனிக்கு அருகே ஒரு படி இறங்கியது. ஏதோ வால்வுக்காக இருக்கும் என்று எண்ணித் தீட்டிக் கொடுத்தார்.

ஒரு வாரம் சென்று, தந்தையும் மகனும் காரில் வந்தார்கள். ஜெகன் போர்வையில் சுற்றிய நீளமான ஒன்றை மேசைமேல் கிடத்தினான்.

"பூங்காவனம், உன் ரீமரு பஸ்ட் கிளாஸ்" என்றார் ஜெயராமன். "ஆனா அத்த வச்சி அறுக்க ஆளு கெடைக்கல. கைல சுத்தினா கோணிக்கும்ன்றான் இவன். நீயே ஒரு கை பாத்துக் குடுத்துடு."

போர்வை விலகியது. பூங்காவனம் அதைத் தொடவில்லை.

"இது துப்பாக்கிக் கொழலாச்சே."

"எங்கப்பாவோடது. உனுக்குத் தெரியாததா?"

ஜெகன் ஆர்வமாக விளக்கத் தொடங்கினான். "இதுல ஒரு தபாக்கு ஒரு தோட்டாதான் அக்கா போட முடியும். பழைய தோட்டா குட்டை, மருந்து பத்தல. மானு அடிய வாங்கிக்கினு ஓடிப் பூடுது. போன வாட்டி பார்டர் தாண்டி மலை மலையா தேடனோம், ரத்தம்தான் கெடச்சிச்சி. நீட்டுத் தோட்டா போட்டா நின்ன எடத்துலயே சாஞ்சிரும். தோட்டா உக்கார்ற எடத்த கொஞ்சூண்டு நீளமாக்கணும், அவ்ளோதான்."

"மானு சுடறதுக்கு கவர்மென்டு லைசென்ஸ் குடுக்குதா இப்ப?"

ஜெயராமன் சிரித்தார். "பயிர் பாதுகாப்புக்குக் குடுத்த லைசென்ஸ்மா."

"எந்தப் பயிரு? உன் நெலத்துல இப்ப வெளையறது எல்லாம் மூணு மாடி, நாலு மாடி. அத்த மானு மேயுதா?"

"வாய் மட்டும் கொறையல உனுக்கு. சீக்கிரம் முடி. கறி வந்தா உனுக்கும் ஒரு பங்கு அனுப்பறேன்."

பூங்காவனம் ஜெகனிடம் கையை நீட்டினார். "அந்த ரீமர குடு தம்பி, ஒரு தபா பாக்கணும்."

அவன் கொடுத்தான். அவர் இயந்திரத்தை ஓடவிட்டு, தாம் வரிசைப்படுத்தித் தீட்டிய பற்கள் அத்தனையும் மொட்டையாகும்வரை ரீமரைச் சக்கரத்தின்மேல் அழுத்தினார். நெருப்புப்பொறி ஜெயராமனின் வெள்ளை வேட்டிவரை பறந்தது. பிறகு அதை வைஸ் எனும் இரும்புப் பிடியில் இறுக்கிச் சுத்தியால் ஓர் அடி அடித்தார். கடின உருக்கு வளையாது. கண்ணாடி போல் இரண்டாயிற்று.

"யக்கா! அது எங்க பொருளு!" என்று ஜெகன் கத்தினான்.

"உன் பொருள எடுத்துக்கினு போ. ரெண்டா கீது, ஆளுக்கொண்ணு."

எவரும் எடுக்கவில்லை. ஜெயராமன் குரலை உயர்த்தாமல் பேசினார். "இன்னாத்துக்கு இவ்ளோ கோவம்? எங்கிருந்தோ ஒரு மானு. உங்கப்பனே எங்கப்பாகூட வேட்டைக்கு வந்தவன்தான்."

"வந்தாரு. காட்டக் கலைக்க வந்தாரு. உங்கப்பா புதர்ல ஆட்டம் கண்டு சுட்டாரு, அங்க மாடு மேய்ச்சவன் கால்ல பட்டுது. நான்தான் சுட்டேன்னு சொல்லுடான்னாரு. எங்கப்பா சொன்னாரு. துலுக்கானம்னு அவரு பேரத்தான் எழுதனாங்க. உள்ள போனவரு திரும்பி வந்தப்ப எனுக்கு அடையாளமே தெரில."

"அதுக்குத்தான் நெலம் எழுதி வச்சாரே எங்கப்பா?"

"இன்னா நெலம்? ஏரி உள்வாய்ல. மழ பேஞ்சா மீனுதான் மேயும்."

ஜெயராமன் குழலைப் போர்வையில் சுற்றச் சொல்லி மகனுக்குச் சைகை காட்டினார். வாசலில் நின்று, "இந்த ஷெட்டு யாருதுன்னு ஞாபகம் இருக்கட்டும்" என்றார்.

"ஷெட்டு உன்துதான். நானு உன்தில்ல."

"இந்த மாசக் கடைசில காலி பண்ணு."

ஐயப்பன்தாங்கல் பணிமனையில் பேருந்து ஓட்டும் உத்தமன், அன்று மாலை வீட்டுக்கு வந்து இதைக் கேட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். அந்த இயந்திரம் அவர்கள் வீட்டின் முன்னறையைவிடப் பெரியது. எஸ்டேட்டில் வேறு ஷெட் கிடைப்பதும் எளிதன்று. கிடைத்தாலும், வாடிக்கையாளர்கள் தேடிவரும் இடம் அந்தத் தெருதான். ஷெட் போனால் பூங்காவனத்தின் தொழில் போயிற்று என்றே பொருள்.

"மெஷின எங்கமே கொண்டுபோய் வெப்ப? என் பஸ்லயா?"

"உன் பஸ்ஸு மனுசன ஏத்தவே ஸ்டாப்புல நிக்காது. மெஷின் ஏத்த நிக்குமா?"

"ஜோக்கடிக்காத. போயி ஒரு வார்த்த பேசிட்டு வா. பெரிய மனுசன்."

"பேசிட்டேன். இனிமே அவருதான் பேசணும்."

காலி செய்வதில்லை என்று அவர் அப்போதே முடிவு செய்துவிட்டார்.

நடேசன் லேத் எனும் கடைசல் இயந்திரம் ஓட்டுபவர், பூங்காவனத்தைவிட இளையவர். இருவரின் ஷெட்டுகளையும் பிரிப்பது ஒரு தகரத் தட்டிதான். மின் இணைப்பும் ஒன்றே. இரண்டுக்குமான மெயின் ஸ்விட்ச் பூங்காவனத்தின் பக்கம் இருந்தது. இன்னொரு லேத் வாங்கிப் போட நடேசனுக்கு ஆசை, இடம் போதவில்லை. ஜெயராமனுக்கு இது தெரியும். பூங்காவனம் காலி செய்ததும் தட்டியை எடுத்துவிட்டு இரண்டையும் ஒன்றாக்கித் தருவதாக நடேசனிடம் சொல்லி, குழலை அவரிடம் கொடுத்தார்.

அடுத்த திங்கட்கிழமை காலை, ஜெகனின் கார் நடேசனின் வாசலில் நின்று போனதைப் பார்த்த பூங்காவனம் உள்ளே எட்டிப் பார்த்தார். லேத்தில் வேலைப்பொருளைப் பிடிக்கும் சக்கில் குழல் மாட்டியிருந்தது. நடேசன் வெட்டுக்கருவியை நேர்படுத்திக்கொண்டிருந்தார்.

"இன்னா நடேசா இது?"

"பீஸுக்கா."

"இன்னா பீஸு?"

"எத்தினி வருசமா கீறோம் இங்க, எதுக்குன்னு எவனையாவது நாம கேட்டுக்கீறமா? நீ கேட்டியா? நீதான ரீமரு போட்டுக் குடுத்த?"

"ஆமா, நான்தான் போட்டேன். கேக்காமதான் போட்டேன். அதுதான் நானு செஞ்ச தப்பு. நீ செய்யாத. நாளிக்கி மாட்னா, அவரு பேரா வரும்? உன் பேரு வரும்டா."

"உனுக்கென்னாக்கா, நீ காலி பண்ணிக்கினு பூடுவ. நானு இங்கியேதான கீணும்? வுட்டுடு."

பூங்காவனம் தம் ஷெட்டுக்குத் திரும்பினார். அவருடைய இயந்திரத்தில் ஒரு வாடிக்கையாளரின் கட்டர் பாதி தீட்டிய நிலையில் ஓடிக்கொண்டிருந்தது. மெயின் ஸ்விட்சை இறக்கினார். இரண்டு ஷெட்டுகளும் ஒரே சமயத்தில் அடங்கின. ஸ்விட்ச் பெட்டியில் வீட்டுப் பூட்டைப் போட்டு, சாவியைப் புடவை ஊக்கில் மாட்டிக்கொண்டு, அதன் முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

நடேசன் ஓடிவந்தார். "அக்கா, கரண்டு."

"பூட்சி."

"எங்க பூட்சி?"

"என் ஊக்குல தொங்குது பாரு."

"விளையாடாதக்கா. உன் வேலயும்தான நிக்குது?"

"நிக்கட்டும். உன் வேல நிக்கறதுக்கு என் வேல நின்னாதான் வழின்னா, ரெண்டும் நிக்கட்டும்."

நடேசன் கெஞ்சினார், சண்டையிட்டார், கடைசியில் ஜெகனுக்குத் தொலைபேசியில் சொன்னார். ஜெயராமனே வந்து இறங்கினார். அதுவரை அசையாதிருந்த பூங்காவனம், அவர் வாசற்படியில் கால் வைத்ததைப் பார்த்த பிறகே தம் கைப்பேசியை எடுத்துக் காவல்துறைக்குப் பேசினார். "எஸ்டேட் பின்தெரு. இங்க ஒரு துப்பாக்கிக் கொழலு லேத்துல மாட்டிக்கீது. ஓனரும் கீறாரு. வாங்க." ஏன் முன்னமே அழைக்கவில்லை என்று நான் பின்னர் கேட்டேன். "ஆளு இல்லாத துப்பாக்கிய வச்சிக்கினு போலீஸு இன்னா செய்யும்? கெடச்சவனத்தான் புடிக்கும்" என்றார்.

ஜெயராமன் போய்விடவில்லை, போனால் தவறு செய்தவராகத் தோன்றும் என்று கருதியிருக்க வேண்டும். உதவி ஆய்வாளர் காவ்யா இரண்டு காவலர்களுடன் வந்தபோது, அவர் நிதானமாகவே முன்வந்து பேசினார்.

"என் லைசென்ஸ் துப்பாக்கிதான் மேடம். துரு புடிச்சிருந்துது, துடைக்கக் குடுத்தேன். இவன் எதுக்கு லேத்துல மாட்டினான்னு எனக்கென்ன தெரியும்? அதிகப்பிரசங்கி."

உரிமம் இல்லாதவர் துப்பாக்கியில் கைவைப்பதே குற்றம் என்று காவ்யா சொல்லி, நடேசன் பக்கம் திரும்பினார்.

"உன் பேர் என்னய்யா?"

பூங்காவனம் முக்காலியை விட்டு எழுந்தார்.

"பேரு எழுதறதுன்னா மொத என் பேர எழுதுங்க மேடம். பூங்காவனம்." மேசை இழுப்பறையைத் திறந்து, உடைந்த ரீமரின் இரண்டு துண்டுகளையும் எடுத்து நீட்டினார். "இத்த தீட்னது நானு. எதுக்குன்னு கேக்காத தீட்டிட்டேன். தெரிஞ்சதும் ஒடச்சிட்டேன். அளவு குடுத்தது இவரு புள்ள. கொழல எடுத்தாந்தது இவரு. மானு சுடறதுக்குன்னு சொன்னது இவங்க ரெண்டு பேரு வாயி. ரெண்டாவது பேரு இவருது, எழுதுங்க. ஜெயராமன்."

"பூங்காவனம்!"

"இரு சார், இன்னும் முடியல. மேடம், நடேசன் சக்குல மாட்னான், பொய் சொல்லல. ஆனா ஒரு இரும்புச் சுருளு கூட வெட்டல. நானு கரண்ட புடுங்கிட்டேன். வந்து தட்ட பாருங்க."

காவ்யா போய்ப் பார்த்தார். லேத்தின் அடித்தட்டு துடைத்தபடி இருந்தது; குழலின் வாயில் புதிய வெட்டு எதுவும் இல்லை. திரும்பி வந்து, "நீங்க சொல்றதை அப்படியே எழுதினா, உங்களையும் விசாரிப்போம். தெரியுமாம்மா?" என்றார்.

"தெரியும். எழுதுங்க. எழுதி முடிச்சி எனுக்குப் படிச்சிக் காட்டுங்க. ரெண்டாவது பேரு வுட்டுப் போச்சின்னா நானு கையெழுத்துப் போட மாட்டேன்."

காவ்யா எழுதினார், படித்துக் காட்டினார். பூங்காவனம் கையெழுத்திட்டார். துப்பாக்கி காவல்துறையின் காப்புக்குப் போயிற்று. உரிமம் நிறுத்தி வைக்கப்பட்டது. தந்தைமீதும் மகன்மீதும் வழக்குப் பதிவாயிற்று. பூங்காவனம் பலமுறை காவல் நிலையத்துக்கு அலைந்தார். கடைசியில் அவரைச் சாட்சியாக வைத்துக்கொண்டார்கள். நடேசனை எச்சரித்து விட்டுவிட்டார்கள். அந்த ஒரு வாக்குமூலம் இல்லையென்றால் அவர் எங்கே இருந்திருப்பார் என்பது தெருவுக்கே தெரியும்.

ஜெயராமன் வேறு வழியில் வந்தார். ஷெட் தம் சொந்தத் தொழிலுக்குத் தேவைப்படுகிறது, பூங்காவனம் காலி செய்ய வேண்டும் என்று நீதிமன்றத்தில் மனு போட்டார். பூங்காவனத்தின் வழக்கறிஞர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னது இது: சொந்தத் தேவை என்பது பொய், இந்த இடத்தை நடேசனுக்குத் தருவதாக ஜெயராமன் வாக்களித்திருக்கிறார். நடேசன் கூண்டில் ஏறி அதைச் சொன்னால் மனு நிற்காது. சொல்லாவிட்டால் முடிவு எப்படியும் போகலாம். கேட்டுப் பாருங்கள், உங்களுக்கு மறுக்க மாட்டார்.

நடேசனும் அதை அறிந்திருந்தார். உத்தமனின் பேருந்தில் ஒருநாள் ஏறி, ஓட்டுநர் இருக்கையின் பின்னால் நின்றபடி, "அண்ணாத்தே, அக்கா ஒரு வார்த்த கூப்ட்டா வந்துடறேன். நானா வர பயமா கீது" என்று சொல்லி, அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டார்.

உத்தமன் வீட்டில் அதைச் சொன்னார். "கூப்டேன்மே. அவன் இன்னிக்கி ஊட்ல குந்திக்கினு சோறு துன்றது உன்னாலதான?"

"அதுக்குத்தான் கூப்ட மாட்டேன்."

"இது இன்னா நாயம்?"

"அவனா வந்து சொன்னா சாட்சி. நானு கூப்ட்டு வந்தான்னா, குடுத்தத திருப்பி வாங்கற மாரி. ஜெயராமன் பக்கத்துல அவன் பொழைக்கணும், நானு போயி அவன் கழுத்துல குந்திக்கவா? எனுக்குக் கீற வாயி எனுக்குப் போதும்."

போன ஆவணியில் பூங்காவனம் தனியாகவே கூண்டில் ஏறினார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர், "துப்பாக்கிக்குக் கருவி செய்தவர் நீங்கள்தானே?" என்று கேட்டார்.

"ஆமா. ஒடச்சவளும் நான்தான். அடுத்த கேள்வி கேளுங்க."

வழக்கு இன்னும் முடியவில்லை. வாய்தாக்கள் தள்ளிப்போகின்றன. ஜெயராமன் பூங்காவனத்தைக் கண்டால் காரின் கண்ணாடியை ஏற்றிக்கொள்கிறார். தீர்ப்பு எந்தப் பக்கம் போகும் என்று வழக்கறிஞராலும் சொல்ல முடியவில்லை. ஷெட்டின் வாசலில் இப்போது ஒரு பலகை தொங்குகிறது. 'பூங்காவனம். கருவி தீட்டுமிடம். எதற்கென்று கேட்கப்படும்' என்று அதில் எழுதியிருக்கிறது. வேலை சற்றுக் குறைந்தது, பலகை இறங்கவில்லை.

சென்ற வாரம் கத்தியை எடுத்துவரப் போயிருந்தேன். தட்டிக்கு அப்பால் லேத் நின்றது. நடேசன் வந்து வாசலில் தயங்கினார்.

"அக்கா, வர்ற வாய்தா என்னிக்கி?"

"பதினாலாந்தேதி."

"எதுனா வேணுமாக்கா? எதுன்னாலும் சொல்லு."

பூங்காவனம் இயந்திரத்தை நிறுத்தாமல் அவரைப் பார்த்தார்.

"கட்டிங் ஆயிலு இருந்தா ஒரு டப்பா குடு. என்து தீந்துட்சி."

நடேசன் கொண்டுவந்து வைத்துவிட்டு, சற்று நேரம் அங்கேயே நின்றார். பூங்காவனம் வேறெதுவும் கேட்கவில்லை.